‘ரைசன் 5’ என்று மட்டும் போட்ட பில்லை வாங்காதீர்கள்

மதுரையில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் காசு சேர்த்து வைத்திருக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதை நிதானமாகப் படியுங்கள். என் தம்பியிடம் ஒரு கடைக்காரர் செய்த வேலை இது.

திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போய் நேரில் பேசி, லிஸ்ட்டை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தான். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் ரைசன் 5 5600, எட்டு ஜிபி ராம் இரண்டு, எல்லாப் பாகத்தையும் மாட்டுகிற பி550 போர்டு, கேம் படத்தைத் திரையில் காட்டுகிற ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற நல்ல கம்பெனி 550 வாட் எஸ்எம்பிஎஸ். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். பில்லில் வந்ததோ ‘ரைசன் 5, 16 ஜிபி, 550 வாட்’.

வீட்டில் மாட்டினால் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் சிஸ்டமே அணைந்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பிராசசர் 5500. போன் போட்டேன். “ரெண்டும் ரைசன் 5 தாம்மா, ரெண்டுலயும் ஆறு கோர்தான்” என்றார் கடைக்காரர்.

ஆறு கோர், அதாவது வேலை செய்கிற ஆறு பகுதி, என்பது உண்மைதான். ஆனால் பிராசசருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரியான எல்3 கேஷ் 5600-இல் 32 எம்பி, 5500-இல் 16 தான். அதைவிடப் பெரிய அடி பிசிஐஇ, அதாவது பிராசசருக்கும் கார்டுக்கும் நடுவில் டேட்டா போய் வருகிற பாதை. 5600 நான்காம் தலைமுறை, 5500 மூன்றாம் தலைமுறை. 6500 எக்ஸ்டி அந்தப் பாதையில் நான்கே லேன் (தடம்) உள்ள கார்டு, மெமரியும் நான்கு ஜிபிதான். அது நிறைந்துவிட்டால் மிச்சம் அந்த லேன் வழியாகத்தான் ராமுக்குப் போய் வர வேண்டும். 5500-ஐப் போட்டால் அந்த வழி பாதியாகச் சுருங்கிவிடும். இந்தக் கார்டோடு இந்தப் பிராசசரைச் சேர்த்துக் கொடுத்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

ராமும் இரண்டு குச்சிக்குப் பதில் ஒரே 16 ஜிபி குச்சி. இரண்டு குச்சியும் சேர்ந்து வேகமாக வேலை செய்கிற டூயல் சேனல் போச்சு.

எனக்கு ஆத்திரம் தாங்காதது எஸ்எம்பிஎஸ் விஷயத்தில்தான். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 550 என்று பெரிதாக இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். கார்டு மட்டும் 107 வாட் இழுக்கும், பிராசசர் 65. இங்கேயே 172 ஆகிவிட்டது. ஒழுங்கான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டில் மட்டும் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். இது போர்டையும் கார்டையும் சேர்த்து எரித்திருந்தால் யார் பொறுப்பு?

வாங்கப் போகிறவர்கள் கொட்டேஷனிலும் பில்லிலும் ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டிக்கும் அதுதான் கேட்பார்கள். பிராசசர், எஸ்எம்பிஎஸ் காலி டப்பாக்களையும் கேட்டு வாங்குங்கள். “எதுக்கு தம்பி, குப்பைதானே” என்று சொல்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம். அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. நாங்கள் வாட்ஸ்அப் லிஸ்ட்டையும் பில்லையும் வைத்து 1915-இல் புகார் பதிந்த பிறகு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். பிராசசருக்கான வித்தியாசப் பணம் இன்னும் வரவில்லை. அடுத்து ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.