பேய்க் களவு நாவல்: பீரங்கியா, உப்புநீர் விளக்கா?

இலங்கையின் வன்னிப் பகுதியை வைத்துப் பகிடியான பேய்க் களவு நாவல் எழுத வெளிக்கிடுகிறவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான்: பேய்கள் எதைக் களவெடுப்பது? இரண்டு சாமான் கண்ணுக்கு முன்னால் நிற்கும். ஒன்று, 1803இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் தாக்கிப் பிடித்த முல்லைத்தீவுக் கோட்டையின் வெள்ளைக்காரப் பீரங்கி. மற்றது, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குக் கடல்நீரில் எரியும் விளக்கு.

பாரம்
பீரங்கி: மாட்டு வண்டில் அச்சே முறியும்.
விளக்கு: இரண்டு கைக்குள் அடங்கும்.

பகிடி
பீரங்கி: அள்ள அள்ளக் குறையாது. பேய்க்குக் கால் நிலத்தில் படாது, பிறகெப்படி உன்னித் தள்ளுவது? முனி "ஏலேலோ" சொல்ல, நாலு பேயும் பீரங்கிக்குள்ளால் புகுந்து மறுபக்கம் போய் விழும். நந்திக்கடல் களப்புச் சேற்றில் சில்லுப் புதைந்தால் இன்னொரு அத்தியாயம்.
விளக்கு: சிரிப்பு வராது.

பேய்க்குப் பயம்
பீரங்கி: காவல்காரன் மட்டும்தான்.
விளக்கு: அம்மன். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து வரும்போது சனம் ஒதுங்கி, கைகூப்பி நிற்பதைப் பார்த்தவர் எவரும் அதில் பேயைக் கைவைக்க விடமாட்டார்.

முழுநீளப் பகிடி நாவலென்றால் யோசிக்கவே வேண்டாம், பீரங்கிதான். விளக்கைக் களவுப்பொருளாக்கினால் எங்கட சனத்தின் மனம் நோகும். ஆனால் பேய்கள் களவை விட்டுத் திருந்தும் சிறுகதை எழுதுவதென்றால் விளக்கை எடுங்கள். தூரத்தில் அது எரிந்தால் போதும், யாரும் தொடத் தேவையில்லை.