ஏர்டேபிளா, லவபிளா? கடை ஆர்டருக்கு எதை நம்பலாம்?

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பலகாரக் கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் குவியும். யாருக்கு எத்தனை கிலோ முறுக்கு, முன்பணம் வந்ததா, என்றைக்கு டெலிவரி என்று எல்லாவற்றையும் ஓர் ஆப்பில் போட நினைக்கும் கடைக்காரருக்கு இன்று இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஏர்டேபிள், ஆப்ஷீட் போன்ற நோ-கோட் தளங்கள், அதாவது நிரல் எழுதாமலே ஆப் செய்ய உதவுபவை. முதலில் டேபிள் (விவரம் பதியும் அட்டவணை), அதற்கு மேல் படிவமும் நினைவூட்டலும். இப்போது அவற்றுக்குள்ளேயே ஏஐ வந்துவிட்டது. 2025 ஜூனில் ஏர்டேபிள், ஆம்னி என்ற உதவியாளரை நடுவில் வைத்துத் தன் தளத்தையே மாற்றியமைத்தது. தேவையைச் சொன்னால் டேபிளும் திரையும் தயார்.

இன்னொன்று லவபிள், ரெப்லிட் வகை. இவை ஏஐ கொண்டு நிரலையே எழுதித் தருகின்றன. அழகு, வேகம் இரண்டிலும் இவைதான் முன்னால். பெட்டிகளை இழுத்துப் போட்டு ஆப் செய்யும் திறமைக்கு இனி பெரிய மதிப்பு இருக்காது.

ஆனால் கடைக்காரருக்கு முக்கியம் திரையல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் வாடிக்கையாளர் விவரம். 2025இல் லவபிளில் உருவான பல ஆப்களில், யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்ற டேட்டாபேஸ் விதி சரியாக அமைக்கப்படாதது தெரியவந்தது. அதே ஆண்டு ஜூலையில் ரெப்லிட்டின் ஏஐ, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒரு பயனரின் பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸை அழித்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், சோதனை டேட்டாபேஸைத் தனியாகப் பிரித்தார்கள். சரி, திருத்திக்கொண்டார்கள். ஆனால் நிரல் படிக்கத் தெரியாதவர் இப்படி ஒரு ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பார்? விவரம் கசிந்தால், நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பதில் சொல்லவேண்டியது கடைதான். சிறிய நிறுவனத்துக்கே அபராதம் ஒரு மில்லியன் வெள்ளி வரை போகலாம். (அப்புறம், ஏஐ வரைந்த ஆர்டர் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்டிருந்தால் உடனே நீக்குங்கள். 2019 செப்டம்பரிலிருந்து, சட்டம் கோராத இடத்தில் பொதுவாக அதைக் கேட்கக்கூடாது.)

நோ-கோட் தளத்தில் டேபிள் கண்முன்னே இருக்கிறது. ஏஐ தப்பான வரிசையில் கைவைத்தால் கல்லாவில் இருப்பவரே பார்த்துத் திருத்தலாம். யாருக்கு என்ன அனுமதி என்பதும் ஒரு பட்டியலாகத் தெரியும். இந்தத் தளங்கள் நிலைக்கும் என்று நான் நம்புவது இதனால்தான்.

குறையும் உண்டு. ஏர்டேபிள் இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு (டேபிள்கள் அடங்கிய ஒரு தொகுப்புக்கு) 1,000 பதிவுகள்தான். கட்டணத் திட்டத்தில் திருத்தும் ஒவ்வொருவருக்கும் தனிக் காசு. பண்டிகைக்கால ஆட்களைச் சேர்த்தால் செலவு ஏறும். லவபிளில் நிரல் உங்களுடையது, வேறிடத்துக்கு எடுத்துப் போகலாம்.

என் தேர்வு: ஆர்டரும் தொலைபேசி எண்ணும் ஏர்டேபிளில். பலகாரப் பட்டியலும் விலையும் மட்டும் காட்டும் பக்கத்தை லவபிளில் செய்யலாம். அதில் வாடிக்கையாளர் விவரம் எதுவும் வேண்டாம், ஆர்டர் பொத்தானை அழுத்தினால் ஏர்டேபிள் படிவம் திறந்தால் போதும்.