குளத்துக்குக் கூரை: வலையா, நெகிழித் தாளா, பாலிகார்பனேட்டா?

பின்கட்டிலிருக்கும் நீச்சல் குளத்தைக் குறைந்த செலவில் மூடப்போகிறேன் என்றதும் மைத்துனர் சிரித்துவிட்டார். "எதற்கு மச்சான்? பினாங்கில் குளிரா அடிக்கிறது?"

கேலிதான், ஆனால் சரியான கேள்வி. இணையத்தில் பார்க்கும் மலிவான மூடிகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் சூட்டைத் தேக்கிவைக்கச் செய்தவை. நம் ஊரிலோ குளத்து நீர் தானாகவே வெதுவெதுப்பாக இருக்கிறது. எனக்குத் தொல்லை மழையும் இலையும்தான். கனமழை கொட்டினால் நீர் நீர்த்துப்போய்க் குளோரின் குறைகிறது; இரண்டே நாளில் பாசி பிடிக்கிறது.

குளம் 3 மீட்டருக்கு 6 மீட்டர். மூன்று வழிகளைத் தீர விசாரித்தேன்.

எல்லாவற்றிலும் மலிவு, நாற்றங்கால்களில் கட்டும் நிழல்வலை. வெயிலைப் பாதிக்கு மேல் தடுக்கிறது. குளோரினைத் தின்பது வெயிலின் புற ஊதாக் கதிர்தான் என்பதால் மருந்துச் செலவும் குறையும். மழையை மட்டும் தடுக்காது. பக்கத்து வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகள் வலையில் சிக்கி, அடுத்த மழையில் கழுவப்பட்டு நேராகக் குளத்தில் விழும். எனக்கு இது உதவாது.

அடுத்தது, கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் பார்க்கிறோமே, அந்த நெகிழித் தாள் கூடாரம். குழாயை வளைத்து நட்டு மேலே தாளைப் போர்த்துவது. இரண்டு பேர் சனி, ஞாயிறில் முடித்துவிடலாம். ஆனால் மலைக்காற்றுக்கு ஏற்றது கடலோரத்துக்கு ஏற்காது. நாலு பக்கமும் மூடினால் உள்ளே புழுங்கி, நீர் இன்னும் சூடேறிப் பாசிக்குக் கொண்டாட்டம். குளோரின் ஆவி வெளியேற வழியின்றி இரும்பை அரிக்கும். தாள் தொய்ந்தால் அங்கே நீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் நீர் நின்றாலே 10 கிலோ பாரம். அந்தத் தெளிந்த நீர்தான் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டு மலேசியச் சட்டப்படி வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். தாளும் சில ஆண்டுகளில் வெயிலில் நொறுங்கிவிடும்; பிறகு மறுபடியும் செலவு.

மூன்றாவது, துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தின் மேல் பாலிகார்பனேட் என்னும் கெட்டியான நெகிழித் தகட்டுக் கூரை. பக்கங்கள் திறந்தே இருக்கும். மூன்றில் இதற்குத்தான் முதல் செலவு அதிகம். ஆனாலும் இதைத்தான் தேர்ந்தேன். நடுவே வெற்றிடம் விட்ட 10 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு கிலோவைக்கூட எட்டாது. ஆகவே பாரத்துக்காக இரும்புச் சட்டம் தடிமனாக இருக்கத் தேவையில்லை. மாட்டுவதில்தான் கவனம் வேண்டும். புற ஊதாப் பூச்சு பெரும்பாலான தகடுகளில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். கோலாலம்பூரில் உறவினர் வீட்டில் கூரை போட்ட ஒப்பந்தக்காரர் தலைகீழாக மாட்டிவிட்டதில் கூரை சீக்கிரமே மஞ்சளித்துவிட்டது. வெயிலில் தகடு நீளும் என்பதால் திருகுத் துளைகளைச் சற்றுப் பெரிதாகப் போட வேண்டும். கடல் உப்புக்காற்று வீசும் இடமென்றால் திருகுகளும் துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது.

கூரை நீரை வடிக்கும் நீர்த்தாரையை மறந்துவிடக் கூடாது. 4 மீட்டருக்கு 7 மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,400 லிட்டர். அதை அண்டை வீட்டு மதிலோரம் கொட்டினால் உறவே முறிந்துவிடும். நிலையான கூரை என்பதால் மாநகர் மன்றத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் அவசியம்.

மூன்றில் எதுவுமே பிள்ளைகளைக் காப்பாற்றாது. அதற்குத் தனியாக 1.2 மீட்டர் உயர வேலியும், தானாக மூடிக்கொண்டு வெளிப்பக்கம் திறக்கும் கதவும் வேண்டும். பணம் போதாவிட்டால் கூரையைத் தள்ளிப்போடுங்கள், வேலியை அல்ல.

மைத்துனர் இன்னும் நிழல்வலைக் கட்சிதான். அவர் வீட்டுப் பக்கம் மரமே இல்லை.