பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது: படிப்பகத்தில் மலையாளம் கற்ற அனுபவம்

கேரள எல்லையை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு தாலுகாவில் பிறந்து வளர்ந்தவர்களிடம் மலையாளம் தெரியுமா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் தெரியும் என்பார்கள். பொய் இல்லை. படம் பார்ப்போம், திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவில் பேரம் பேசுவோம், அங்குள்ள ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ மெடிக்கல் காலேஜிலோ டாக்டரிடம் நோய் விவரத்தை ஒன்றுவிடாமல் சொல்வோம். அதே டாக்டரின் அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும் அறிவிப்பை வாசிக்கச் சொன்னால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்போம். நானும் அந்தக் கூட்டம்தான். அறுபதை நெருங்கும் வயதில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஞாயிறு சாயங்காலம் நடக்கும் மலையாள எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். ரெண்டு வருஷம் தாண்டிவிட்டது. இதே மாதிரி சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் இலக்கிய ஆசை ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு தகரப்பெட்டி நிறைய பழைய ஆதாரங்கள், அதாவது சொத்துப் பத்திரங்கள், இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நாம்தான் சேர்ந்தோமே தவிர பெட்டியில் கிடந்த காகிதங்கள் மாறவில்லை. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் அதற்கு முந்தைய ஒற்றி, பாகப்பத்திரம், விலையாதாரம் எல்லாம் மலையாளத்தில்தான் இருக்கும். பாகம் பிரிக்கும்போதோ அதிரில் (நில எல்லையில்) தகராறு வரும்போதோதான் பெட்டி திறக்கும். அப்புறம் வாசித்துச் சொல்ல ஆள் தேடுவோம். வாசித்தவர் சொன்னதுதான் வேதம். அவர் ஒரு வரியை விட்டுவிட்டாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

முதலில் காசு கட்டி ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து பார்த்தேன். பேர் வேண்டாம். அங்கே உங்கள் பெயர் என்ன, சாப்பிட்டீர்களா, பஸ் எப்போது வரும் என்று மலையாளத்தில் பேசக் கற்றுத்தந்தார்கள். பெங்களூரில் இருப்பவருக்கு அது உதவும். கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு எதற்கு? எழுத்துக்கு ஒரே ஒரு பாடம், அதுவும் கடைசியில். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு உள்ள தடை எழுத்து மட்டும்தான். படிப்பக வகுப்பு அதைப் புரிந்துகொண்டு நடப்பதுதான் அதன் முதல் சிறப்பு. முதல் நாளிலேயே டீச்சர் சொல்லிவிட்டார்: "பேசுறது உங்களுக்கு அறியாம் (தெரியும்). அதை நான் தொடப்போறதில்ல."

டீச்சர் எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்து இங்கே கல்யாணம் ஆகி வந்தவர், என் மகள் வயதுதான் இருக்கும். எழுபது வயதுக்காரரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். அவர் எங்களை மாமா, மாமி என்கிறார். சம்பளம் கிடையாது. ஜெராக்ஸ் செலவுக்கு மாதம் ஒரு சின்னத் தொகை பிரிக்கிறோம். வகுப்பில் டெய்லர் அண்ணன் ஒருவர், பேரப்பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் படிப்பதால் அவர்கள் நோட்டை வாசிக்க வந்த ஒரு அக்கா, பணி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், ரப்பர் வெட்டும் ரெண்டு பேர். விடியும் முன்பே எழுந்து வெட்டுக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்கு மேல் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய காரியம். அவர்களுக்காகவே வகுப்பை நாலரைக்கு மாற்றினார்கள்.

எழுத்து எவ்வளவு கஷ்டம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான். அ, ஆ வரிசை அதே வரிசை. எ, ஏ, ஐ குறிகள் நம் கொம்பு போலவே எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும், ஒகரத்துக்கு முன்னும் பின்னும் வரும். ழ, ள, ற மூன்றும் உண்டு. இந்த ஒழுங்கு கண்ணுக்குப் பழகியதால் இந்தி எழுத்து படித்தபோது பட்ட பாடு இதில் இல்லை. தொல்லை கொடுப்பது ரெண்டு இடம். ஒன்று, வளையங்கள். த, ந, ர மூன்றும் ஆரம்பத்தில் எனக்கு ஒரே வளையமாகத்தான் தெரிந்தன. கண்ணாடி நம்பரும் ஒரு காரணம். டீச்சர் எல்லாத் தாளையும் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தர ஆரம்பித்த பிறகுதான் வித்தியாசம் பிடிபட்டது. ரெண்டாவது, க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்து. வாசிக்கும்போது இது பெரிய இடைஞ்சல் இல்லை. சொல் தெரிந்த சொல்லாக இருப்பதால், எந்தத் த-வாக இருந்தாலும் வாய் தானே சரியாகச் சொல்லிவிடும். டிக்டேஷன் போட்டால்தான் வண்டவாளம் தெரியும். சமஸ்கிருதச் சொல் வந்தால் வகுப்பே ஆளுக்கு ஒரு விதமாக எழுதும். வாசிப்புக்காக மட்டும் வருகிறவர்கள் எழுதுவதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம் என்பது என் கருத்து. டீச்சருக்கு இதில் சம்மதம் இல்லை. கையால் எழுதாத எழுத்து கண்ணில் நிற்காது என்கிறார்.

ரெண்டு மூன்று மெய்களை ஒன்றாகப் பின்னி எழுதும் கூட்டெழுத்துகளுக்கு ஒரு கதை உண்டு. 1971-ல் கேரள அரசு அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதியாக எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதுவரை உகரக் குறி எழுத்தோடு பின்னிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு வடிவமாக இருந்தது. அதைப் பிரித்துத் தனியாக நிறுத்தினார்கள். பல கூட்டெழுத்துகளையும் நம் புள்ளி மாதிரியான சந்திரக்கலை போட்டுப் பிரித்தார்கள். ஆனால் கையெழுத்தில் பழைய வழக்கம் இன்றும் போகவில்லை. அதனால் பாடப்புத்தகம் ஒரு மாதிரி, டீச்சர் போர்டில் எழுதுவது இன்னொரு மாதிரி. புதியவர்களுக்கு இது குழப்பம்தான். பழைய ஆதாரம் வாசிக்க நினைப்பவர்களுக்கோ போர்டுதான் முக்கியம்.

பாடப்புத்தகத்தை நாங்கள் சீக்கிரமே ஓரம் வைத்தோம். வாசிக்க எடுத்தது மலையாளப் பேப்பரின் மரண அறிவிப்புப் பக்கம். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு அறிவிப்பும் நாலைந்து வரி. ஊர், பேர், வயது, மனைவி, மக்கள், மருமக்கள், அடக்கம் எப்போது, எல்லாம் ஒரே வரிசை. முதல் அறிவிப்பில் தட்டுத்தடுமாறினாலும் பத்தாவதில் பாதியை ஊகித்தே போய்விடலாம். நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ஊர்ப்பேர்கள் தெரிந்தவை. சில நாள் தெரிந்த ஆளே வந்துவிடுவார். அன்று பாடம் நின்று அவர் குடும்பக்கதை ஓடும். ஆளுக்கு ஒரு அறிவிப்பு, சத்தம்போட்டு வாசிக்க வேண்டும். வீட்டில் தனியாகப் படித்தால் தெரியாத எழுத்தைத் தாண்டிப் போய்விடுவோம். பத்துப் பேர் முன்னால் அது நடக்காது. வகுப்பு என்று ஒன்று தேவைப்படுவதே இதற்காகத்தான். எழுத்து அட்டவணை யூடியூபில் எத்தனையோ கிடைக்கிறது.

கேரள டிரான்ஸ்போர்ட் பஸ்ஸின் போர்டு, கடைப் பெயர், ஆஸ்பத்திரி அறிவிப்பு எல்லாம் சில மாதங்களில் வசமாகிவிட்டன. பேப்பரின் தலைப்புச் செய்திகளுக்கு முதல் வருஷம் முடியும் சமயம் ஆகியிருக்கும்.

ஆதாரம் வேறு உலகம். அச்சு வாசிக்க வந்துவிட்டது என்று தைரியமாகப் பெட்டியைத் திறந்தால், ஆதாரம் எழுதியவரின் கை நம்மை நிறுத்திவிடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை, ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். எண்களும் சில இடங்களில் மலையாள எண்களில் இருக்கும். இதில் டீச்சரே திணறினார். கைகொடுத்தது வகுப்பில் மூத்தவரான பாட்டா. 1956-க்கு முன்பு ஆரம்ப வகுப்புகளை மலையாளத்தில் படித்தவர், எண்பதை ஒட்டிய வயது. புது அச்சைப் பார்த்தால் "இது என்ன, எழுத்தைப் பிச்சுப் போட்டிருக்கான்" என்பார். மங்கிப்போன மையில் எழுதிய ஆதாரத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று ஓடுவார். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு அவருக்கு. டீச்சரும் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார்.

அவரிடம் படித்ததில் எனக்கு ரொம்பப் பயன்பட்டது தேதிக் கணக்கு. ஆதாரங்களில் மலையாள ஆண்டுக் கணக்கான கொல்ல வருஷம்தான் இருக்கும். அது நம் ஆவணியான சிங்கத்தில் பிறந்து ஆடியான கர்க்கடகத்தில் முடியும். சிங்கம் முதல் டிசம்பர் கடைசி வரையிலான தேதி என்றால் 824-ஐயும், ஜனவரிக்குப் பிறகு என்றால் 825-ஐயும் கூட்ட வேண்டும். திருவிதாங்கூரில் எல்லாச் சாதியாருக்கும் கோவிலைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச விளம்பரம் 1112 துலாம் 27. 824 கூட்டினால் 1936, நவம்பர் 12. தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று பழைய ஆட்கள் சொல்வது 1099 கர்க்கடகத்தில் வந்தது. 825 கூட்டினால் 1924. இந்த ரெண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், கணக்கு தப்பாது. விலை பழைய திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்தில் இருந்தால் 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், 16 காசு ஒரு சக்கரம். எங்கள் தாத்தா வாங்கிய விளையின் (தோட்ட நிலத்தின்) விலையை இப்படிக் கூட்டிப்பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

குறை இல்லாமல் இல்லை. நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மழைக்காலத்தில் பாதிப் பெஞ்சு காலி. கல்யாண சீசனில் ஞாயிறு என்றாலே ஆள் இல்லை. இடையில் சேருபவர்களுக்காக டீச்சர் மறுபடி அ, ஆ-வுக்குப் போவார், பழையவர்களுக்குக் கொட்டாவி வரும். ரெண்டு பிரிவாகப் பிரியுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம், சொல்லித்தர இன்னொரு ஆள் கிடைக்கவில்லை. சான்றிதழும் கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் கேரளத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்காக மலையாளம் மிஷன் நடத்தும் பாடங்கள் இருக்கின்றன: கணிக்கொன்னை, சூர்யகாந்தி, ஆம்பல், நீலக்குறிஞ்சி என்று நாலு படி. முழுக்க முடிக்கப் பத்து வருஷம் ஆகும். பிள்ளைகளுக்குச் சரி. என் வயதில் அத்தனை பொறுமை இல்லை.

செல்போன் பற்றியும் கேட்பார்கள். கூகுள் லென்ஸ் அச்சடித்த மலையாளத்தை நன்றாகவே வாசித்துத் தமிழில் தருகிறது. பழைய கையெழுத்தில் நான் வைத்துப் பார்த்தவரை சம்பந்தமில்லாமல் உளறியது. உருப்படியாக உதவியது, விரலால் எழுதினால் எழுத்தாக்கும் கீபோர்டு. நான் போடும் வளையத்தை அது ந என்று ஒத்துக்கொண்டால் என் கை சரி.

பெட்டியில் இருந்த ஆதாரங்களில் பெரும்பாலானவற்றை வாசித்துத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். இதை வைத்துக்கொண்டு யாரும் கோர்ட்டுக்கோ பத்திர ஆபீசுக்கோ போக முடியாது. அங்கே முறையான மொழிபெயர்ப்புதான் கேட்பார்கள், எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எந்தக் காகிதத்தை மொழிபெயர்க்கக் கொடுப்பது, வந்த மொழிபெயர்ப்பில் நாலு எல்லையும் சரியாக இருக்கிறதா என்பதை இப்போது நானே பார்த்துக்கொள்கிறேன்.

சேர நினைப்பவர்கள் ஆதாரத்தின் மூலத்தை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். பத்துக் கை மாறினால் மடிப்பில் கிழிந்துவிடும். ஜெராக்ஸும் சரிவராது, மடிப்புக்கோடும் கறையும் எழுத்தோடு சேர்ந்து கறுப்பாக விழும். பகல் வெளிச்சத்தில் செல்போனில் கலரில் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி அச்செடுத்து வாருங்கள். பாட்டா வாசிப்பார்.