மின்வெட்டுக்குப் பின் எழாத சேவை: சிஸ்டம்டி எவ்வளவு கைகொடுக்கிறது?

ராயபுரத்தில் துறைமுகச் சரக்குகளுக்கு கிளியரிங் வேலை பார்க்கும் அலுவலகம் ஒன்றின் டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) சர்வரைப் பராமரித்து வருகிறேன். மின்வெட்டு நீண்டு யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்தால் அது அணைந்துவிடும். மின்சாரம் வந்ததும் தானாகவே எழுந்துகொள்ளும். ஆனால் பின்னணியில் ஓட வேண்டிய ‘சேவை’யான பில் மென்பொருள் மட்டும் எழாது. நாமே கட்டளை கொடுத்துத் தொடங்கினால் உடனே ஓடும். பில் போட ஆட்கள் காத்திருக்கும் காலை வேளையில் இது பெரிய தொல்லை.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிப்பது சிஸ்டம்டி. இத்தகைய பழுதைப் பிடிப்பதில் அதன் பெரும் பலம், சேவைகள் சொல்லும் செய்திகளைச் சேமிக்கும் பதிவேடு. ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ கட்டளை அதன் கடைசிப் பத்து வரிகளை மட்டுமே காட்டும். மூல காரணம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கும். ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையோடு ‘பி’, ‘யு’ என்ற தெரிவுகளையும் சேவையின் பெயரையும் கொடுத்தால், இயந்திரம் இம்முறை எழுந்ததிலிருந்து அந்தச் சேவை சொன்ன அனைத்தும் நேரத்தோடு வரிசையாக வந்துவிடுகின்றன. எங்கள் சர்வரில் அங்கே கிடைத்தது, கேட்ட முகவரியைப் பிடிக்க முடியவில்லை என்ற பிழை. மின்சாரம் வந்ததும் ரூட்டரும் அப்போதுதான் எழுந்துகொண்டிருப்பதால், அது ஐபி முகவரி வழங்குவதற்கு முன்பே பில் மென்பொருள் அந்த முகவரியைத் தேடியிருக்கிறது.

இங்கேதான் சிஸ்டம்டியின் மீது எனக்குக் குறை உண்டு. சேவையின் அமைப்புகளை எழுதும் கோப்பில் ‘ஆஃப்டர்’ (இதற்குப் பிறகு) என்பதற்கு நேரே ‘நெட்வொர்க் டார்கெட்’ (டார்கெட் என்பது இயந்திரம் எழும்போது எட்டும் ஒரு கட்டம்) என்று எழுதியிருந்தால், நெட்வொர்க் வந்த பிறகே சேவை தொடங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது முகவரி கிடைக்கும்வரை காத்திருப்பதில்லை. அதற்கு ‘நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்’ வேண்டும். அதையும் ‘ஆஃப்டர்’, ‘வான்ட்ஸ்’ இரண்டிலும் எழுத வேண்டும், ஏனெனில் முன்னது வரிசையை மட்டுமே சொல்கிறது, பின்னதுதான் அந்த டார்கெட்டைத் தொடக்கி வைக்கிறது.

மறுமுயற்சிக்கான இயல்பு மதிப்புகளும் அவசரக்குடுக்கையாகவே இருக்கின்றன. ‘ரீஸ்டார்ட்’ வரியில் ‘ஆன்-ஃபெயிலியர்’ (தோற்றால் மீண்டும் தொடங்கு) என்று கொடுத்திருந்தாலும், முயற்சிகளுக்கு இடையிலான இடைவெளி 100 மில்லிவினாடிதான். 10 வினாடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைத்து ஓடவில்லையென்றால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். உடனே விழுந்துவிடும் சேவைக்கு அந்த ஐந்து வாய்ப்பும் ரூட்டர் கண் விழிப்பதற்குள் தீர்ந்துவிடுகின்றன. அந்த இடைவெளியைக் குறிக்கும் ‘ரீஸ்டார்ட்செக்’ மதிப்பை 10 வினாடியாக உயர்த்தினால் அந்த வரம்பு எட்டப்படுவதே இல்லை. முகவரி கிடைக்கும்வரை சேவை பொறுமையாக முயன்றுகொண்டே இருக்கும். மின்வெட்டு வழக்கமாக உள்ள இடங்களில் இந்த ஒரு வரியைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

மாற்றங்களை ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ மூலம் செய்ததில் முழுத் திருப்தி. அது மூலக் கோப்பைத் தொடாமல் தனிக் கோப்பில் எழுதி வைப்பதால், மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலும் நம் திருத்தம் அழிவதில்லை. ‘வார்’ கோப்பகத்தின் ‘லாக்’ பகுதியில் ‘ஜர்னல்’ என்ற கோப்புறை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இயல்பான அமைப்பில் அது இல்லையென்றால் பதிவேடு நினைவகத்தில் மட்டுமே இருந்து, அடுத்த மின்வெட்டோடு போய்விடும்.