வரைபடக் கோட்டை நீட்டுவதா, கதை எழுதுவதா? சென்னைத் தண்ணீரை வகுப்பில் படிக்கும் வழிகள்

2046-ல் சென்னைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? நகரத் திட்டமிடல் படிக்கும் முதுகலை மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கை எக்ஸெல்லில் போட்டு, இதுவரை போன போக்கிலேயே வரைபடக் கோட்டை முன்னால் இழுத்துவிடுவார்கள். இதுதான் டிரெண்ட் முறை. எதிர்காலத்தைப் பாடமாக நடத்தும் துறைகள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகின்றன.

நான் நடத்தும் வகுப்பிலும் இதற்கு இடம் உண்டு. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நம் ஆசையைக் கணக்குக்குள் ஒளித்துவைக்க முடியாது. ஒரு மாணவியின் மக்கள்தொகை வரைபடத்தில் 2011-ல் கோடு திடீரென்று மேலே தாவியது. குடியேற்றம் என்று நினைத்துவிட்டாள். உண்மையில், அந்த ஆண்டு மாநகராட்சி எல்லை சுமார் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மதியம் ஆனது. அந்த மதியம் வீண் போகவில்லை.

ஆனால் மழையிடம் இந்தக் கோடு தோற்றுவிடும். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இடையில் நான்கே ஆண்டுகள். சராசரிக் கோட்டில் இந்த இரண்டுமே தெரியாது.

சினாரியோ முறை, அதாவது நடக்கக்கூடிய பல எதிர்காலங்களைக் கதையாக எழுதிப் பார்ப்பது, அங்கேதான் கைகொடுக்கிறது. 'என்ன நடக்கும்' என்பதை விட்டுவிட்டு, 'இப்படி நடந்தால் என்ன செய்வோம்' என்று கேட்கிறது. 1970-களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்பவரின் குழு இதைத்தான் செய்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு முன்பே அப்படி ஒரு அதிர்ச்சியை யோசித்து வைத்திருந்தது. வகுப்பில் வழக்கமாக, நிச்சயமில்லாத இரண்டு விஷயங்களை இரண்டு அச்சாகப் போட்டு, நான்கு எதிர்காலங்களுக்கு நான்கு கட்டம் வரைவார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. ஒரு கட்டம் சொர்க்கம், ஒன்று நரகம், மற்ற இரண்டும் ஒப்புக்கு என்று ஆகிவிடுகிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் எதிர்காலவியல் அறிஞர் ஜிம் டேட்டர் வகுத்த நான்கு வகை அதைவிட மேல்: வளர்ச்சி, சரிவு, கட்டுப்பாடு, உருமாற்றம். நான்கையும் ஒரே அக்கறையோடு எழுதியாக வேண்டும்.

'கட்டுப்பாடு' எழுதிய ஒரு மாணவன் வேளச்சேரி வீடு ஒன்றைக் காட்டினான். வீட்டுக்கு இவ்வளவு லிட்டர் என்று அளவு. வெயிலில் வந்த உறவுக்காரரிடம் "குளிச்சிட்டுப் போங்க" என்று சொல்லத் தயங்கும் பாட்டி. அளவு தலைக்கா, வீட்டுக்கா என்று வகுப்பே சண்டை போட்டது. எக்ஸெல் இந்தக் கேள்வியைக் கிளப்பியிருக்காது.

கதை மட்டும் போதுமா என்றால், போதாது. 'கடல்நீரே எல்லாவற்றையும் தீர்த்துவிடும்' என்று எழுதியவர்களைக் கணக்குப் போடச் சொன்னேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் சேர்ந்து சுமார் 11 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) பிடிக்கும். கடல்நீரைக் குடிநீராக்கி நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் நெம்மேலியின் முதல் ஆலை ஆண்டு முழுக்க ஓடினாலும் கிடைப்பது 1.3 டிஎம்சி. கதையைத் திருத்தி எழுதினார்கள்.

விரும்பும் 2046-ஐ முதலில் முடிவு செய்து, அங்கிருந்து இன்றுவரை பின்னோக்கித் திட்டமிடும் முறையும் உண்டு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பதினைந்து வாரம் கிடைத்தால் மூன்று வாரம் டிரெண்டுக்கு, மிச்சத்தில் பெரும்பகுதி சினாரியோவுக்கு என்றே ஒதுக்குவேன். முதல் வாரம் மட்டும் கணினி வேண்டாம். வேளச்சேரிக்குப் போய், 2015-ல் தண்ணீர் சுவரில் எந்த உயரம் நின்றது, 2019-ல் அதே வீட்டில் ஒரு குடத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வரட்டும்.