சிஷிரோதாய் நிலையம்: ஆறு வருடம் தொங்கிக்கொண்டே போய்வந்த அனுபவம்

ஜப்பானின் சிபா நகரில் வகாபா வட்டாரத்துக்குக் குடிவந்தபோது வீட்டுத் தரகர் அடித்துச் சொன்ன வசதி, "காலையில் உட்கார இடம் நிச்சயம்" என்பது. ஆறு வருடமாக அது பொய்க்கவில்லை. சிஷிரோதாய், மோனோரயில் எனும் ஒற்றைத் தண்டவாள ரயில் தடத்தின் கடைசி நிலையம். இரண்டே பெட்டி வண்டி என்றாலும் இங்கிருந்து காலியாகத்தான் கிளம்பும்.

இந்த மோனோரயில் தடத்தின் மேல் ஓடுவதில்லை, அடியில் தொங்கிக்கொண்டு போகிறது. தலைக்கு மேலே பெட்டி போன்ற இரும்பு உத்திரம், அதன் அடிப்பக்கம் நெடுக ஒரு பிளவு. ரப்பர் சக்கரங்கள் உத்திரத்துக்குள்ளேயே உருள்வதால் மழையும் பனியும் அவற்றைத் தொடாது. பனி கொட்டிப் பேருந்துகள் திணறும் காலையில் இதன் அருமை தெரியும். காற்றுதான் ஆகாது. 2019 செப்டம்பர் 9 புயலில் சிபாவில் நொடிக்கு 57.5 மீட்டர் வேகத்தில் அடித்ததே, அன்று நிலையத்துப் பக்கமே நான் போகவில்லை.

1988-இல் முதலில் திறந்தது எங்கள் பக்கத்துத் துண்டுதான், ஸ்போர்ட்ஸ் சென்டரிலிருந்து சிஷிரோதாய் வரை. இப்போது மொத்தம் 15.2 கிலோமீட்டர். உலகிலேயே நீளமான தொங்கு மோனோரயில் என்று கின்னஸிலும் ஏறிவிட்டது. அதற்காகவே கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் தூங்குகிறோம்.

ஆனால் ஒன்று எனக்கு இன்னும் அலுக்கவில்லை. 2012-இல் வந்த அர்பன் ஃப்ளையர் வண்டிகளில் ஓட்டுநர் அறையின் தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அறைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தால், அவருடைய கறுப்பு ஷூவுக்குப் பக்கத்தில் சிக்னலுக்காக நிற்கும் லாரியின் கூரை நழுவிப் போகும். வளைவில் வண்டி ஊஞ்சல் போல ஒரு பக்கம் சாயும். முதல் வாரம் குமட்டியது, அப்புறம் அதுவே தாலாட்டு.

குறை என்றால் காசுதான். மோனோரயில் சுற்றி வளைத்துத்தான் சிபா நிலையத்துக்குப் போகிறது. அதனால் என்னைப் போல நிறையப் பேர் நடுவில் த்சுகாவில் இறங்கி ஜேஆர் என்ற இன்னொரு நிறுவனத்தின் ரயிலுக்கு மாறிவிடுவோம். நேரம் மிச்சம், ஆனால் இரண்டு நிறுவனம், இரண்டு கட்டணம். வேலைக்குப் போகும்போது அலுவலகம் பயணப்படி தருவதால் உறைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினால் கையைக் கடிக்கும். மிருகக்காட்சிசாலைக்கு மட்டும் மனசு கேட்காது. 2005-இல் இரண்டு காலில் நின்று நாடெங்கும் பேர் வாங்கிய ஃபூதா என்ற சிவப்புப் பாண்டாவின் ஊராயிற்றே. நிலையத்திலிருந்து இறங்கினால் வாசலே வந்துவிடும்.

உட்கார இடம் கிடைப்பதிலும் ஒரு வம்பு இருக்கிறது. போன ஜூனில் ஒரு நாள் த்சுகாவைத் தாண்டியும் தூங்கி, சிபா-கோயென் நிலையத்தில்தான் கண் விழித்தேன். 1951-இல் இந்த நகரில் தோண்டியெடுத்த 2000 வருடப் பழைய விதையிலிருந்து முளைத்த ஓகா தாமரை அந்தப் பூங்காக் குளத்தில்தான் பூக்கிறது. காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும் பூ. சரி, தாமதம் ஆனது ஆகிவிட்டது என்று இறங்கிப் போய்ப் பார்த்தேன். வண்டி என்னவோ சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தது. வண்டி தாமதமானால் ரயில் நிறுவனம் தரும் தாமதச் சான்றை அலுவலகத்தில் காட்டக் கேட்கவும் வழியில்லை.